நாலடி தள்ளி

கட்டுகிற வீட்டுக்குத் தற்காலிகக் கரன்ட் வேண்டுமென்றால் அந்த வட்டாரத்தில் எல்லோரும் இவரிடம்தான் போவார்கள். போய்விட்டு, ஏன்தான் போனோமோ என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். மனையில் செங்கல் வந்து இறங்கியிருக்காது, கரன்ட்டுக்காரர் வந்து குழி தோண்டிக்கொண்டிருப்பார். எர்த் கம்பியை நட்டு, உப்பும் கரியும் கொட்டி மூட, இடுப்பளவு குழி போதும் என்பார்கள் மற்றவர்கள். இவர் உள்ளே இறங்கினால் தலையும் தோளும்தான் வெளியே தெரியும்.

"எர்த் போடச் சொன்னா கிணறு வெட்டுறாரு. தண்ணி வந்தா மோட்டாரை இதுலயே இறக்கிடலாம்" என்பார் கொத்தனார். இவர் சிரிக்க மாட்டார். குழி மூடி, கம்பி இணைத்து முடிகிறவரை ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். வீட்டுக்காரர் குட்டிக்கரணம் போட்டாலும் அது வெளியே வராது.

பிறவியிலேயே இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். நாலு வருஷத்துக்கு முன்னால் இவரும் எல்லோரையும் போலத்தான் இருந்தார். கை வேகம், வாய் அதைவிட வேகம். ஒரே நாளில் மூன்று மனைக்குப் போய் நிற்பார்.

அப்போதுதான் இவருடைய தங்கை வீடு கட்ட ஆரம்பித்தாள். ஒரே தங்கை, இவர் தூக்கி வளர்த்தவள். அண்ணன் இருக்கும்போது கரன்ட்டுக்கு யார் அலைவது? விண்ணப்பம், வரைபடம், மாப்பிள்ளையின் கையெழுத்து எல்லாவற்றையும் இவரே பார்த்துக்கொண்டார். மீட்டர் மாட்ட வந்தவர், "எர்த் எங்க?" என்று கேட்டார். "சாயங்காலத்துக்குள்ள போட்டுடுவேன், நீங்க போங்க" என்றார் இவர். பழகிய முகம். அவரும் நம்பிப் போய்விட்டார்.

மீட்டர் பலகைக்கு அடியிலேயே கடப்பாரையைப் போட்டார். ஒரு சாண் போனதும் டங்கென்று எகிறியது. பாறை. அதற்குள் இரண்டு தெரு தள்ளி இன்னொரு வீட்டுக்காரர் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். இங்கே மாப்பிள்ளையோ, "சுவர் காயுது மச்சான், தண்ணி விடணும்" என்று நின்றார்.

"லைன் குடுத்துடுறேன் மாப்ளே. எர்த்தை நாளைக்கு வந்து போட்டுடலாம். மோட்டாரைப் பாத்து போடுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

மறுநாள் வந்து பார்க்கும்போது மாப்பிள்ளை உயிரோடு இல்லை. மோட்டாரின் இரும்புக் கூட்டில் கரன்ட் கசிந்திருந்தது. எர்த் இருந்திருந்தால் மண்ணுக்குள் போயிருக்கும். போக வழியில்லாமல், காலையில் ஈரத் தரையில் நின்று மோட்டாரை நகர்த்திய மனிதர் வழியாகப் போனது.

விசாரிக்க வந்தவர்களிடம் இவர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: பாறை. அன்றைக்கு எர்த் போடவே முடியாத நிலம் என்றார். தங்கையிடமும் அதையே சொன்னார். அவள் திட்டவில்லை, சாபம் விடவில்லை. திட்டித் தீர்த்திருந்தால்கூடத் தேவலை. அண்ணா என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். உறவுக்காரர்கள் வீட்டில் எதிரெதிரே உட்கார நேர்ந்தால், "அவங்களுக்குத் தண்ணி வேணுமாம்" என்று யாரோ மூன்றாம் மனிதரைச் சொல்வதுபோலச் சொல்வாள். அண்ணா என்ற அந்த ஒரு சொல்லுக்காக இவர் நாலு வருஷமாக ஏங்கிச் செத்தார்.

இந்த வருஷம் அவள் நின்றுபோன வீட்டை மறுபடி எடுத்தாள். பழைய இணைப்பை எப்போதோ பிடுங்கிப்போயிருந்தார்கள். புது விண்ணப்பத்தோடு ஒரு காலையில் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அண்ணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"வேற யாராச்சும் வந்தா குழி தோண்டுவாங்களான்னு தெரியாது அண்ணி. இவங்க தோண்டுவாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றாள்.

உள்ளே கேட்டுக்கொண்டிருந்த மனிதர் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

மறுநாள் மனைக்குப் போனார். ஜன்னல் உயரத்தில் நின்றுபோன சுவர்கள் மழையில் கறுத்துக் கிடந்தன. அவள் ஒரு செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். பலகை இருந்த இடத்தில், ஒரு சாண் ஆழத்தில், அந்தப் பாறை அப்படியே இருந்தது.

கடப்பாரையோடு அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். அங்கேயே போட்டு இடித்திருக்கலாம். பொழுதெல்லாம் வியர்த்துக் கொட்டியிருக்கலாம். அவளும் பார்த்துவிட்டு, பாவம், அன்றைக்கு மனுஷன் என்னதான் செய்திருப்பான் என்று ஆயுசுக்கும் நம்பியிருப்பாள். யார் கேட்கப் போகிறார்கள்? மனசு ஒப்பவில்லை. நாலடி தள்ளிப் போய் ஓங்கிப் போட்டார். கடப்பாரை மெத்தென்று இறங்கியது. வெறும் செம்மண்.

மார்பளவு தோண்டி, கம்பியை நட்டு, உப்பும் கரியும் கொட்டி, மண் தள்ளி, நாலு குடம் தண்ணீர் ஊற்றி முடித்தார். அவள் எழுந்து வந்து குழியையும் பாறையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இங்க பாறை இல்லையா?"

"இல்லம்மா."

"அன்னைக்கு?"

"அன்னைக்கும் இல்லம்மா. எனக்குத் தெரியும். வேற வீட்டுல கூப்பிட்டுட்டே இருந்தாங்க, போயிட்டேன்."

நனைந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப இதுக்கு எவ்ளோ நேரம் ஆச்சு?"

இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"முக்கால் மணி நேரம்."

"முக்கால் மணி நேரந்தானா அண்ணா?" என்று கேட்டாள்.