பனிமலையில் "இஞ்சாருங்கோ"

லண்டன் குட்மேய்ஸில் இருந்து ஸ்கொட்லாந்துக்குப் பனிச்சறுக்கப் போனது என் கணவரின் ஆசைக்காக. மார்ச் மாதம். காலையில் நல்ல வெயில் எறித்தது. மத்தியானம் நாங்கள் மலையுச்சியில் நின்றபோது காற்றுக் கிளம்பி, மேகம் இறங்கி எல்லாவற்றையும் மூடிவிட்டது. முன்னால் சறுக்கிப் போன என் கணவரைக் காணவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் பெயர் சொல்லி அழைத்ததில்லை. யாழ்ப்பாணத்துப் பெண்கள் புருஷனைக் கூப்பிடும் "இங்கே பாருங்கள்" என்ற "இஞ்சாருங்கோ"தான்.

"இஞ்சாருங்கோ!" என்று கத்தினேன். அவருடையதைப் போலவே ஒரு நீல ஜாக்கெட் நின்று கை காட்டியது. அதன் பின்னால் சறுக்கி இறங்கினேன். அடிவாரத்தில் அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். முன்பின் தெரியாத முகம்!

"ஐயோ தங்கச்சி, என்ர மனிசி கூப்பிடுறா எண்டெல்லோ நினைச்சன்!" என்றார்.

அப்படியென்றால் அவருடைய மனைவி எங்கே? என்னுடையவர் எங்கே?

கொஞ்ச நேரத்தில் மேகத்துக்குள்ளிருந்து என் கணவர் வந்தார். அவருக்குப் பின்னால், அவரையே நம்பி, அந்த மனிதரின் மனைவி.

வெட்கத்தை விட்டு, முதல்முறையாக என் கணவரின் பெயரைச் சொல்லி, "சிவநாதன்!" என்று கூப்பிட்டேன். அவர் திரும்பவே இல்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். ம்ஹூம்.

கடைசியில் மெல்ல, "இஞ்சாருங்கோ" என்றேன்.

இரண்டு ஆண்களும் திரும்பினார்கள்.

இவ்வளவு காலமும் நான் யாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.