ஒட்டுப்போட்ட பம்பர்

சிவப்பு பம்பர், நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு ரப்பர், அதைச் சுற்றிப் பதினான்கு நட்டு. எங்கள் வீட்டுக்காரர் ஒட்டியது. சுரங்கத்தில் மண்ணும் கரியும் ஓடுகிற பெல்ட் அறுந்தால் ஒட்டுகிற வேலை அவருக்கு. கிழிந்த எதைப் பார்த்தாலும் கை சும்மா இருக்காது. என் செருப்பு, மழைக்கோட்டு, பக்கத்து வீட்டுக் குடம், எல்லாவற்றிலும் அவர் ஒட்டு இருக்கும்.

பம்பர், மகன் கொண்டுவந்தது. சென்னையில் கார் பட்டறையில் இருந்தான். யாரோ மோதிவிட்ட ஸ்போர்ட்ஸ் காரின் முன்பக்க பம்பரைக் கழற்றியதும், பட்டறைக்காரரிடம் கேட்டு வாங்கி, குவார்ட்டர்ஸ் பின்பக்கம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். இந்த மாதிரி பழைய சாமான் வாங்கி விற்கிற தொழில் போட வேண்டும், சுரங்கத்துக்குக் கான்ட்ராக்ட் வேலைக்கு வந்து நிற்கக் கூடாது என்பது அவன் எண்ணம். இதுதான் முதல் சரக்கு. “காரே இல்லாத வூட்ல பம்பர் மட்டும் நிக்குதுங்களே அண்ணே” என்று பக்கத்து வீட்டம்மா கேலி பண்ணுவாள். “முன்னால இது வந்துட்டுது, பின்னால காரு வரும்மா” என்பார் இவர்.

பாண்டிச்சேரியிலிருந்து ஒருத்தர் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை மகன் போன் பண்ணினான். “அப்பாகிட்ட சொல்லும்மா, அதுல கை வைக்க வேணாம். உடைஞ்சத உடைஞ்ச மாதிரியே வாங்கிக்குவாங்க.” நான் பின்பக்கம் போனேன். வாசலில் மிதியடியாகக் கிடந்த பழைய பெல்ட் துண்டை அறுத்து, உரசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னும் ஒரு ஓட்டைகூடப் போடவில்லை. “பாரு, ரயில் நீளத்துக்கு மண்ணு ஏத்தினாலும் தாங்குற ரப்பர். இது இன்னா பிரமாதம்?” என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். இதைச் செய்யாதீர்கள் என்று அவரிடம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை. ஐந்தாவது படித்தவள், வேலை தெரிந்தவரிடம் என்ன சொல்வது? டீயை வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மகனும் சென்னையிலிருந்து வந்திருந்தான். பாண்டிச்சேரிக்காரர் நட்டு ஒன்றைத் திருகிப் பார்த்தார். ரப்பரை நெம்பினார். பக்கத்தில் நல்லாயிருந்த இடம் கிழிந்ததே தவிர ஒட்டு அசையவில்லை. “இது ஸ்போர்ட்ஸ் காருங்க, லாரி இல்ல. கிழிசலா இருந்தா உருக்கி ஒட்டி பெயிண்ட் அடிச்சிருப்பேன். இத்தன ஓட்டைக்கு நான் எங்கங்க போவேன்?” தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

மகன் என் பக்கம் திரும்பினான். “சொல்லலயாம்மா?”

“சொன்னேன். கேக்கல” என்றேன்.

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது. சொல்ல வேண்டிய நாளில் வராத பேச்சு, பொய் சொல்ல மட்டும் தயாராக வந்து நின்றது. இவர் என்னை ஒரு தரம் பார்த்தார். இல்லை என்று சொல்லவில்லை. ஸ்பேனரை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். மகன் போன பிறகு, “வாயே தொறக்காதவ, இன்னிக்கு நல்லா தொறந்த” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒரு சண்டை போட்டிருந்தால் எனக்குத் தீர்ந்திருக்கும்.

அடுத்த வருடம் மகன் கான்ட்ராக்டில் சேர்ந்தான். அப்பாவும் மகனும் ஒரே பஸ்ஸில் ஷிப்டுக்குப் போனார்கள், வேறு வேறு சீட்டில். இவர் போய்ச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது.

இப்போது அந்த பம்பர் எங்கள் குளியலறையின் வெளிச்சுவரில் சாய்ந்து கிடக்கிறது. வெயிலில் சிவப்பு வெளுத்துவிட்டது. மகன் கால் இடித்துக்கொள்ளும் போதெல்லாம், “எல்லாம் அப்பா பண்ண வேலை” என்கிறான். இன்று காலையும் சொன்னான். இல்லைப்பா, நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டான்.