திரும்பி வரும் ரூட்

மதுரையிலிருந்து வந்த அந்த நெட்வொர்க் இன்ஜினியர் ஒல்லியாக, உயரமாக இருப்பார். தலையில் எப்போதும் ஈரத் துண்டு. லேப்டாப்பில் தகவல் போகும் வழியாக ஒரு ரூட்டைப் போட்டதும் ஜீப் பானட்டின் தூசியில் விரலால் ஒரு கோடு இழுப்பார். பக்கத்திலேயே திரும்பி வரும் கோடும் இழுப்பார். அந்த இரண்டாவது கோட்டை அவர் மறந்து நான் பார்த்ததில்லை.

பண்ணைப்புரத்துத் தோட்டங்களுக்கு நாங்கள் ரேடியோவில் இணையம் கொடுத்த காலம் அது. மலைமேல் ஒரு ரேடியோ. அதைப் பார்த்தபடி தோட்டத்துக்கு ஒன்று. தன் தம்பி தோட்டத்திலிருந்த, இருவருக்கும் பொதுவான கிணற்று மோட்டார் ஓடுகிறதா என்று தன் போனில் தெரிய வேண்டும் என்றார் ஒரு திராட்சைத் தோட்டக்காரர். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

“பக்கத்துத் தோட்டந்தானய்யா, நேரா வராதா?”

“வராதுங்கய்யா. மலைக்குப் போயித்தான் வரும். திரும்புற ரூட்டை உங்க தம்பி ரேடியோவுல போடணும். நீங்கதான் அவுககிட்டக் கேக்கணும்,” என்றார் இன்ஜினியர்.

வேலியையே பார்த்துக்கொண்டு நின்ற தோட்டக்காரர், கடைசியில் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். திரும்பும்போது ஒரே வரப்பில் முன்னும் பின்னுமாக இருவர் வந்தார்கள்.

“போட்டுக்கங்க சார்,” என்றார் தம்பி. “அண்ணனே வந்து கேட்டுட்டாக.”

இன்ஜினியர் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. மலை ரேடியோ வழியாகவே தம்பியின் ரேடியோவுக்குள் போய், அரை நிமிடத்தில் ரூட்டைப் போட்டார்.

“நாமளே தம்பிக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே சார்,” என்றேன். அவர் பானட்டில் இரண்டாவது கோட்டை இழுத்தார்.

இப்போது அங்கே கேபிள் வந்துவிட்டது. அண்ணனை அனுப்பியதை வேண்டுமென்றேதான் செய்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.