ஸ்பானிஷில் இரண்டு இறந்தகாலம்

என் மகள் அறுபது வயதில் ஸ்பானிஷ் படிக்கிறாள். மாட்ரிட்டில் இருக்கும் அவள் மகன் வீட்டுக்குப் போகிறாளாம். காலையில் காபியோடு ஆரம்பித்தால்... வீடே டியூஷன் சென்டர்தான்!

போன வாரம் இறந்தகாலத்தில் மாட்டிக்கொண்டாள்.

"அப்பா, இதுல இறந்தகாலமே ரெண்டு இருக்குதுங்கப்பா! 'காந்தோ'ன்னா பாடினார், அதோட முடிஞ்சுது. 'காந்தாபா'ன்னா பாடுவார், பாடிட்டிருந்தார். எப்ப நின்னுதுன்னு அது சொல்லாதுங்க."

ஒரு மொழிக்கு எதற்கு இரண்டு? கிண்டலடிக்கத்தான் வாயைத் திறந்தேன். அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

என் அப்பா நாமக்கல்லில் லாரி ஓட்டியவர். ஸ்டியரிங்கைப் பிடித்தால் பாட்டுதான். யுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் பர்மாவுக்கு வேலைக்குப் போனார். அங்கே ஜப்பான்காரன் குண்டு விழுந்ததும் எத்தனையோ பேர் நடந்தே ஊர் வந்து சேர்ந்தார்கள். அப்பா வரவில்லை. அவரைப் பார்த்ததாகச் சொல்லவும் ஆளில்லை.

யுத்தமும் முடிந்தது. ஒரு நாள் பெரியப்பா வந்தார். கெட்டவர் இல்லை – காரியம் செய்யாவிட்டால் தம்பியின் ஆத்மா அலையுமே என்ற பயம். திதிக்கு ஒரு நாள் வேண்டும். குறித்துவிட்டால்? அம்மாவின் தாலியைக் கழற்றுவார்கள். பொட்டை அழிப்பார்கள். அப்போது அவளுக்கு முப்பது வயதுதான்.

"ஏதோ ஒரு நாளைச் சொல்லு அம்மிணி. காரியத்த முடிச்சுப்போடலாம்."

"அவரு போனதை நீங்க பாத்தீங்களா மாமா? பாத்தவங்க ஆராச்சும் சொன்னாங்களா? அப்புறம் நான் எந்த நாளைங்க சொல்றது?"

"ஊரு என்ன பேசும்?"

"பேசட்டுமுங்க. கொள்ளுப் பருப்புன்னா ஒரு புடி சேத்துத் தின்பாருங்க உங்க தம்பி. இன்னிக்கு அதுதான். இருந்து சாப்பிட்டுப் போங்க."

பெரியப்பா சாப்பிடாமல் எழுந்து போனார். பல வருஷம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அம்மா அசைந்து கொடுக்கவில்லை. அப்பா பாடுவார், சிரிப்பார், கோபித்துக்கொள்வார் – கடைசிவரை அவள் பேச்சு இப்படித்தான். எனக்கு அதைக் கேட்கக் கேட்க ஆசையாக இருக்கும்.

அம்மாவும் ஒரு நாள் போய்விட்டாள். குளிப்பாட்டிய பெண்கள் தயங்கி நின்றார்கள்.

"ஏனுங்க, பொட்டு வெக்கலாமுங்களா?"

துக்கத்துக்கு வந்து கயிற்றுக்கட்டிலில் கிடந்த கிழட்டுப் பெரியப்பா தலையைத் தூக்கினார்.

"நல்லாப் பெருசா வெய்யிங்க. எந்தம்பி செத்தான்னு எவன் சொன்னான்?"

அம்மாவிடம் தோற்றதை அவர் ஒத்துக்கொண்டது அந்த ஒரு தடவைதான்... அதைப் பார்க்கத்தான் அவள் இல்லை.