தாளிதம் மணக்காத வீடு

அக்கராயனில் நான் சுகாதாரப் பரிசோதகராக வேலை தொடங்கிய புதிது. அறுவடை நேரம் பார்த்துக் கொப்பளிப்பான், ஊர்ச்சனம் அம்மாள் என்கிற வருத்தம், பரவியது. "வருத்தம் வந்த வீட்டை ஒதுக்கி வையும். ஆரும் போகவும் கூடாது, வரவும் கூடாது" என்றார் எங்கள் டொக்டர். நானும் புது உத்தியோக மிடுக்கில் மூன்று வீடுகளை மறித்தேன். அதன்பிறகு ஒரு வீட்டிலிருந்தும் தகவல் இல்லை. டொக்டருக்குச் சந்தோஷம். எனக்குச் சந்தேகம். பள்ளிக்கூட வாங்குகள் காலியாகிக்கொண்டே போயின.

ஒரு மத்தியானம் சைக்கிளில் போனேன். வீட்டுக்கு வீடு மிளகாய் பொரியும் மணம் மூக்கைத் துளைத்தது. வயற்காரர் கந்தையா வீட்டுக் குசினியில் புகை வந்தது, தாளித மணம் இல்லை. படலையில் வேப்பிலையும் இல்லை. அம்மாள் வந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறாது. என்னிடம் ஒளித்தவர்களுக்கு அம்மாளிடம் ஒளிக்கத் துணிவில்லை!

"அக்கா, இண்டைக்குத் தாளிதம் இல்லையோ?"

கந்தையாவின் மனைவிக்கு முகம் வெளிறிப்போனது. உள்ளே மகள் உடம்பெல்லாம் கொப்புளத்தோடு படுத்திருந்தாள்.

கந்தையாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வேப்பிலை கட்டினா நீங்கள் வீட்டை மறிச்சுப்போடுவியள். பிறகு என்ர வயலுக்கு ஆர் வருவினம்? நெல்லு விளைஞ்சு சாயுது. மழை வந்தா வருசச் சோறு போச்சு!"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் மறித்த மூன்று வீட்டு வயல்களும் வெட்ட ஆளில்லாமல் கிடந்ததை ஊரே பார்த்திருந்தது. பிறகு யார்தான் வாய் திறப்பார்கள்?

"அண்ணை, உங்களுக்கு இது முந்தி வந்ததோ?"

"ஓம், சின்னனில வந்தது."

"அப்ப நீங்கள் வயலுக்குப் போங்கோ. பிள்ளை வீட்டில இருக்கட்டும். ஆக்களை நான் கூட்டி வாறன்."

ஒருமுறை வந்தவருக்கு அது திரும்ப வருவது அரிது. அப்படி வந்து மாறியவர்களை ஊர் முழுக்க விசாரித்துப் பிடித்தேன். "எங்கட தழும்புக்கும் ஒரு மதிப்பு வந்திட்டுது" என்று சிரித்துக்கொண்டே அரிவாளோடு வந்தார்கள். மழைக்கு முன் நாலு வயலும் வெட்டி முடிந்தது. டொக்டர் முதலில் முறைத்தார். பிறகு, "நல்ல வேலைதான் காணும்" என்றார்.

வீட்டை மறிக்கிறவன் அந்த வீட்டுச் சோற்றுக்கும் வழி பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் வருத்தம் அடங்காது, ஒளிந்துகொள்ளும். இதை எனக்குப் பின் வந்த பரிசோதகர்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

நாலு வயலும் வெட்டி முடிந்த அந்தக் கிழமையே ஒருவர் என் கந்தோர் வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, எங்கட வீட்டிலயும் அம்மாள் வந்திட்டா. எப்ப ஆள் அனுப்புவியள்?"