பள்ளத்தில் தேங்கிய குளிர்

போன மாதம் நான் போட்ட ஒரு கணக்கு, என் நாத்தனாருக்கு மூச்சுத் திணறலில் முடிந்தது.

நாத்தனார் விமலா அக்கா, புனே நகரின் கட்கியில் பிறந்து வளர்ந்தவர். ஆஸ்துமா உண்டு. அங்குள்ள ஹிஞ்சேவாடியின் டிராஃபிக்கிலிருந்து இரண்டு நாள் தப்பிக்க நினைத்து நானும் கணவரும் அவரையும் அழைத்துக்கொண்டு ஒரு மலைக் கிராமத்துக்குப் போனோம்.

தங்குமிடம் நடத்தும் சுனந்தா இரண்டு இடம் காட்டினார் — பள்ளத்தில் ஏரியோரம் ஒரு குடில்; அதற்கு இருநூறு மீட்டர் மேலே, மலைச்சரிவில் ஓர் அறை.

"மேலே தங்குங்க. கீழே குளிர் ஜாஸ்தி" என்றார் இந்தியில்.

உயரே போகப் போகக் குளிரத்தானே செய்யும்? ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்று பள்ளியில் படித்திருக்கிறேனே... போனைப் பார்த்தேன். விடியற்காலை பன்னிரண்டு டிகிரி. அப்படியானால் மேலே பத்தே முக்கால்தான். அக்காவுக்கு ஆகாது என்று குடிலையே எடுத்தேன்.

விடியும் நேரத்தில் அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டார். இழுப்பு. இன்ஹேலர் அடித்தும் முழுதாக அடங்கவில்லை. உதடுகள் நடுங்கின. சுனந்தாவுக்கு போன் செய்தோம்.

"முதல்ல மேலே கூட்டிட்டு வாங்க."

காரைக் கிளப்பியபோது டாஷ்போர்டு வெளி வெப்பநிலை ஆறு என்றது. முதல் வளைவில் ஏழு. பிறகு ஒன்பது. மேலே சுனந்தாவின் வாசலில் வண்டி நின்றபோது பதினொன்று. நான் அந்த எண்ணையே வெறித்துக்கொண்டிருந்தேன்.

வெந்நீரும் கம்பளியும் கிடைத்து, அரை மணியில் அக்காவின் மூச்சு சீரானது.

தெளிந்த, காற்றில்லாத குளிர்கால இரவுகளில் சரிவின் குளிர்ந்த காற்று கனத்து, கீழே வழிந்து, பள்ளத்தில் தேங்கிவிடும் என்றார் சுனந்தா. போன் சொல்வது அந்த வட்டாரத்துக்கே பொதுவான ஓர் எண். பள்ளத்தையும் மேட்டையும் அது எங்கே கண்டது? நான் படித்த ஆறரை டிகிரியும் பொதுவாகத் தப்பில்லை. ஆனால் அங்கேயே குடியிருப்பவர் சொன்ன பிறகும், கணக்கைத்தான் நம்பினேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று சுனந்தாவிடம் கேட்டேன்.

"குளிர்காலம் முழுக்க எங்க கோழிகளை மேலதான் அடைக்கிறோம். கீழே விட்டா குஞ்சுங்க செத்துடும்."

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். டீயை உறிஞ்சியபடி சொன்னார்:

"பர்வா நஹிம்மா. அடுத்த தபா எங்க போனாலும், மொதல்ல கோழி எங்க தூங்குதுன்னு கேளு."