மறையூர் முதல் பாலக்காடு வரை: இறங்கிக்கொள்ள ஐந்து இடங்கள்

கழிப்பறை பார்ப்பதற்காகவே போன மாதம் ஒரு பயணம் போனேன். மறையூரில் மளிகைக் கடை வைத்துக்கொண்டு, ஓய்வு நாளில் பஸ் ஏறிச் சுற்றி எழுதுகிறவன் நான். அருவிகளைப் பற்றி எழுதியது போதும். இது பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்கு நோயாளியை அழைத்துப் போகிறவர்களுக்கு.

என் மனைவி அமலிக்கு நுரையீரல் ரத்த அழுத்தம். கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பிரஷர் இல்லை இது; அது அவளுக்குச் சரியாகவே இருக்கிறது. இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் குழாய்களில் அழுத்தம் ஏறிவிடுகிறது. தள்ளித் தள்ளி இதயத்தின் வலது பக்கம் சோர்ந்துபோகிறது. மூச்சு வாங்கும், காலில் நீர் கோக்கும். இது எனக்குப் புரியவே ஆறு மாதம் ஆனது. உயரம் ஆகாது என்று டாக்டர் சொன்னதால்தான் அவள் சின்னக்கானல் தேயிலை எஸ்டேட் வேலையை விட்டாள். மறையூருக்கு இறங்கி வந்தோம்.

மருந்து சாப்பிட்டும் தொடர்ந்து இரண்டு பரிசோதனையில் கால் வீங்கியிருந்தது. மூன்றாவது முறையும் இப்படியே இருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஊசி வழியாக அடுத்த கட்ட மருந்தைத் தொடங்க வேண்டிவரும் என்றார் டாக்டர்.

அந்த மூன்றாவது பயணத்தன்று காலையில் அமலி மாத்திரை போடுவதைத் தற்செயலாகப் பார்த்தேன். இரண்டை விழுங்கினாள். நீர் பிரிய வைக்கும் மூன்றாவதை அட்டையோடு பைக்குள் வைத்துவிட்டாள்.

“அத ஏன் உள்ள வைக்கிற?”

“பஸ்ல போற அன்னைக்கு அதப் போட்டா எங்கிட்டு இறங்குறது? முந்தாநாள்ல இருந்தே போடல.”

“போன தடவையும் இப்படித்தானா?”

“எல்லாத் தடவையுந்தான். கொழுந்துக் காட்டுல இருபது வருசம் அடக்கிட்டுத்தான இருந்தோம். பழக்கந்தாங்க.”

டாக்டர் பார்த்த நாளெல்லாம் அவள் மாத்திரை போடாத நாள். கோபம் வந்தது, அவள் மேல் பாதி, என் மேல் பாதி. அமலியோடு எவ்வளவு தூரமும் போகலாம், வண்டியை நிறுத்தவே சொல்லமாட்டாள் என்று இதே வலைப்பூவில் பெருமையடித்தவன் நான். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். விடாமல் மாத்திரையைப் போட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

மறுநாள் காலை 6.10 பஸ்ஸில் நான் மட்டும் கிளம்பினேன். உடுமலை 43 கி.மீ., ஒன்றே முக்கால் மணி நேரம். நடுவில் சின்னாறு காடு; யானை நடமாட்டம் என்பதால் உள்ளே எங்கும் நிறுத்தமாட்டார்கள். காட்டின் இரண்டு முனையிலும் செக்போஸ்ட் உண்டு. கேட்டால் அங்கே நிறுத்துவார்கள், தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும். உடுமலை பஸ் நிலையக் கழிப்பறைக்கு ஐந்து ரூபாய், சுத்தம் பரவாயில்லை. அடுத்த 27 கி.மீ.யில் பொள்ளாச்சி, அங்கேயும் பஸ் நிலையத்தில்தான். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு 47 கி.மீ., வழியில் கொழிஞ்சாம்பாறை. அங்கே ஒரு டீக்கடைக்கார அம்மாவிடம் நோட்டும் பேனாவுமாக நின்று விசாரித்தேன்.

“ஏனுங்க, பொம்பளைங்க கக்கூசு உங்களுக்கு எதுக்குங்க?” என்று ஏற இறங்கப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“இத மொதல்லயே சொல்றதுக்கென்னங்க. கடைக்குப் பின்னாலதான் நம்ம ஊடு. கூட்டியாந்துருங்க.”

அடுத்த வாரம் அமலியோடு போனபோது மூன்று இடங்களில் இறங்கினோம். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலானது. டாக்டர் அவள் கணுக்காலை அழுத்திப் பார்த்தார், குழி விழவில்லை. எடை போன முறையைவிட இரண்டரை கிலோ குறைவு. ஊசி மருந்து இப்போதைக்கு வேண்டாம் என்றார். நோய் போய்விடவில்லை, தெரியும். ஆனாலும் எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அமலி என் பக்கம் திரும்பாமல் சுவர்க் கேலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. நீர் மாத்திரையைப் பயண நாளில் எப்போது போடுவது என்று உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். அமலியிடம், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததும் போடச் சொன்னார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருந்துச் சீட்டு கையில் இருக்கட்டும், படிக்குப் பக்கத்து இருக்கையைப் பிடியுங்கள். ‘இறங்கணுமா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘வேண்டாம்’ என்றுதான் பதில் வரும். நீங்கள் முதலில் இறங்குங்கள்.

திரும்பும்போது மாலை ஐந்து மணி இருக்கும். காடு தொடங்குவதற்கு முந்தைய செக்போஸ்ட் வந்தது. நான் எழுவதற்குள் அமலியே எழுந்து கண்டக்டரிடம் போனாள்.

“அண்ணே, அஞ்சு நிமிசம் நிப்பாட்டுங்க. நான் ஒண்ணுக்குப் போகணும்,” என்றாள், பஸ் முழுக்கக் கேட்கும்படி.

பஸ் நின்றது. அவள் பின்னாலேயே இன்னும் ஆறு பெண்கள் இறங்கினார்கள்.